நீ குடுக்கறத மாட்டறேன்

அண்ணனின் பட்டறை வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு, இறங்காமல் ஹாரனை மட்டும் ஒரு தரம் அடித்தாள். மூன்று வருடமாக ஒரு வார்த்தை பேசாத மனுஷனை என்னவென்று கூப்பிடுவது? பெயரைச் சொல்லும் வழக்கமில்லை. ‘அண்ணா’ என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஹாரன்தான் சௌகரியம், அது யாரையும் உறவு சொல்லிக் கூப்பிடாது.

உள்ளே ஒரு லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்தவனின் கால் மட்டும் அசைந்தது. வந்தது யார் வண்டி என்று அவன் எட்டிப் பார்க்கவேண்டியதில்லை. அந்த இன்ஜினை மூன்று தடவை இறக்கிப் பிரித்து ஏற்றியவன் அவன். இருந்தும் கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தான். வேண்டுமென்றே செய்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவன் இடத்தில் அவள் இருந்திருந்தால் அரை மணி நேரம் காக்க வைத்திருப்பாள்.

விஷயம் இதுதான். மலை உச்சியில் செல்போன் கோபுர வேலை நடக்கிறது. காலையில் ஆட்களை மேலே ஏற்றிப்போய் மாலையில் கீழே கொண்டுவந்து விடுவது அவளுடைய பழைய ஜீப். அங்கே வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் அவள் ‘ஜீப்பக்கா’. போன வாரம் மஞ்சள் தொப்பி போட்ட பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து ஒரே போடாகப் போட்டுவிட்டார். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இல்லாத வண்டி எதுவும் இனிமேல் இந்தப் பாதையில் ஆள் ஏற்றக் கூடாது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள், மணல் மூட்டை ஏற்றிய வண்டியைச் செங்குத்துச் சரிவில் இறக்கி, போட்ட கோட்டில் நிறுத்திக் காட்ட வேண்டும். நின்றால் வேலை உண்டு. நிற்காவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள்.

அதிகாரி மேல் குற்றம் சொல்ல முடியாது. அவள் ஜீப்பில் இருந்தது அந்தக் காலத்து டிரம் பிரேக். மழைத் தண்ணீர் பட்டுவிட்டால் நிறுத்து என்று மிதித்தாலும் யோசித்துத்தான் நிற்கும். அதனால் அவள் காயலான் கடைக்குப் போய், நொறுங்கிக் கிடந்த பெரிய வண்டி ஒன்றிலிருந்து முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். முன்னது டிஸ்க் பிரேக்கோடு இருந்தது. ஆனால் அதை இந்த வண்டியில் உட்காரவைக்க, ஸ்பிரிங் உட்காரும் மேடைகளை அறுத்து, நகர்த்தி, திரும்பப் பற்றவைக்க வேண்டும். மூன்று பட்டறைகளில் கேட்டாள். மூன்று பேரும் ஒரு மாதம் என்றார்கள். ஐந்து நாளில் முடிக்கக்கூடிய ஆள் ஒருவன்தான் இருந்தான், அவனும் அவளுடைய அண்ணனாகப் போய்விட்டான்.

இருவருக்கும் நடுவில் கிடந்ததும் இதே ஜீப்தான். அப்பா அதைத் தங்கை பெயருக்கு மாற்றிவிட்டுப் படுக்கையில் விழுந்தார். ‘வண்டிக்கு உயிர் குடுத்தவன் நான், சாவி மட்டும் அவளுக்கா’ என்று முறுக்கிக்கொண்டு போனவன், நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் அப்பா கிடந்தபோது வாசல்படி மிதிக்கவில்லை. காரியத்துக்கு மட்டும் வந்து நின்றான். அவள் அதை மன்னிக்கவில்லை. அவன் இதை மன்னிக்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான், கோபத்தை மட்டும் சரிசமமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

பேச்சு வாசலிலேயே நின்றபடி நடந்தது. அவள் தன் நிபந்தனையைச் சொன்னாள். காலிப்பர், பேடு, ஹோஸ், நட்டு, போல்ட்டு எல்லாம் அவளுடைய இரும்புப் பெட்டியில் பூட்டி இருக்கும். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள். அவன் அலமாரியிலிருந்து ஒரு வாஷர்கூட அவள் வண்டியில் ஏறக் கூடாது. இதைச் செய், அதைச் செய் என்று யோசனை சொல்லுகிற வேலையும் வேண்டாம்.

அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, “சரி. நீ குடுக்கறத மாட்டறேன். வாயத் தெறக்க மாட்டேன். வெள்ளிக்கிழம கோட்டுல நிக்கலன்னா வண்டி எனக்கு” என்றான்.

மூக்குக்கு மேல் வந்த கோபத்தில் அவள் “எடுத்துக்கோ” என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. வண்டி நிற்காமல் போனால்தான் அவனுக்கு லாபம் என்று ஆகிவிட்டதே. இருந்தாலும் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கினால் அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவள் தயாராக இல்லை.

திங்கட்கிழமை காலை ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தவள்தான், கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜாக்கி ஏற்றி, நாலு சக்கரத்தையும் கழற்றி, துருப்பிடித்த யூ போல்ட்டுகளை அறுத்து எறிந்து, பழைய ஆக்சில்கள் இரண்டையும் அவன் இறக்கினான். புதியவற்றின் மேடைகளை அளந்தான். திரும்ப அளந்தான். சுண்ணக்கட்டியால் கோடு போட்டு மூன்றாவது தடவையும் அளந்துவிட்டுத்தான் பற்றவைத்தான். சும்மா சொல்லக் கூடாது, பற்றவைத்த இடம் தைத்த மாதிரி இருந்தது. குற்றம் கண்டுபிடிக்க என்றே உட்கார்ந்திருந்த அவளுக்கு இரண்டு நாளாக ஒரு குற்றம்கூடக் கிடைக்கவில்லை. அதில் அவளுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

மத்தியானம் அண்ணி பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து வருவாள். கணவனுக்கு ஒரு தட்டு, தங்கைக்கு ஒன்றும் கிடையாது. பெட்டிச் சாவி தங்கையின் கழுத்துச் சங்கிலியில் தொங்குவதைப் பார்த்து, “நாங்க என்ன திருட்டுக் கும்பலா?” என்று கேட்டாள். அதைத் தன் வாயால் சொல்லமாட்டேன் என்றாள் தங்கை. அடுத்த நாள் அண்ணிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்து ஈறு வீங்கிவிட்டது, கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நடந்தாள். அந்த வாய்க்கும் ஒரு ஓய்வு வேண்டாமா என்று தங்கை மனசுக்குள் சந்தோஷப்பட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஆக்சில்கள் இரண்டும் உட்கார்ந்துவிட்டன. பிரேக் வேலை மட்டும் பாக்கி. அவள் பெட்டியைத் திறந்து செய்தித்தாளில் சுற்றிய காலிப்பர்களை எடுத்தாள். டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புக் கை அது, சக்கரத்துக்கு ஒன்று. காயலான் கடையில் அவளே கழற்றி, அவளே சுற்றி, ஒன்றில் ‘இடது’ என்றும் மற்றதில் ‘வலது’ என்றும் எழுதியிருந்தாள். இடது என்று எழுதியதைப் பிரித்து நீட்டினாள்.

அண்ணன் அதை வாங்கி ஒரு புரட்டுப் புரட்டினான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். “சரியாப் பாத்துத்தான் எழுதினியா?” என்றான்.

“வாயத் தெறக்க மாட்டேன்னு சொன்ன.”

அவன் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தான். அப்புறம் குனிந்து இடது சக்கரத்தில் மாட்டினான். வலது என்று எழுதியிருந்ததை வலதில் மாட்டினான். போல்ட்டுகளை இறுக்கின இறுக்கலில் ஒரு குறை சொல்ல முடியாது.

வியாழக்கிழமை முழுக்கக் காற்று எடுப்பதில் போனது. பிரேக் குழாய்க்குள் காற்று இருந்தால் மிதி பஞ்சு மாதிரி அமுங்கும். ஒருத்தர் உட்கார்ந்து மிதியை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருத்தர் கீழே காலிப்பரில் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விட்டு மூட வேண்டும். பேசாத இரண்டு பேரால் ஆகிற காரியமில்லை இது. அண்ணன் கீழேயிருந்து “அழுத்து” என்பான். அவள் அழுத்தி “ம்” என்பாள். அவன் “விடு” என்பான். மூன்று வருடத்துப் பாக்கிப் பேச்சை இந்த மூன்று சொல்லிலேயே நாலு மணி நேரம் பேசித் தீர்த்தார்கள். இரண்டு பாட்டில் பிரேக் ஆயில் தீர்ந்தது. மிதி மட்டும் அதே பஞ்சாகத்தான் இருந்தது. காலை வைத்தால் பாதி வரைக்கும் இறங்கிப்போயிற்று. மூன்று தரம் குத்திக் குத்தி மிதித்தால்தான் கொஞ்சம் கெட்டியானது.

அவன் வேண்டுமென்றே நிப்பிளைத் தாமதமாக மூடுகிறான் என்று அவள் கத்தினாள். அப்படியென்றால் இறங்கி வந்து நீயே திற என்றான் அவன். இறங்கி வந்து திறந்தாள். அவன் மேலே உட்கார்ந்து மிதித்தான். அப்போதும் அதே கதைதான். மணி மூன்றடித்தது.

“போதும்” என்றாள். “மூணு தடவ குத்தினா பிடிக்குது இல்ல? கோட்டுல நிக்க அது போதும். நான் கீழ வரைக்கும் ஓட்டிப் பாக்கறேன்.”

பட்டறை மேட்டிலிருந்து ஊருக்கு இறங்கும் சாலையில் வரிசையாக மூன்று கொண்டை வளைவுகள். ஓரத்தில் தடுப்புச் சுவர் கிடையாது, எட்டிப் பார்த்தால் கீழே மர உச்சிகள் தெரியும். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அவள் ஜீப்பைக் கிளப்பி வாசலுக்குக் கொண்டுவந்தபோது அண்ணி கைப்பையோடு ஓடிவந்தாள். நாலு மணிக்குப் பல் டாக்டரைப் பார்க்க வேண்டுமாம், பஸ் ஐந்துக்குத்தானாம். ஒரு வார்த்தை கேட்காமல் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வேண்டாதவள் வண்டியானாலும் வலிக்கிற பல்லுக்கு ரோஷம் கிடையாது. தங்கையும் ஒன்றும் சொல்லாமல் கியரைப் போட்டாள்.

வண்டி பத்தடி போயிருக்காது. பட்டறைக்குள்ளிருந்து அண்ணன் விழுந்தடித்துக்கொண்டு வந்தான். வந்தவன் வண்டிக்கு முன்னால் வந்து நிற்கவில்லை, தங்கை பக்கமும் வரவில்லை. நேரே பெண்டாட்டி உட்கார்ந்திருந்த பக்கம் போய்க் கதவைப் பிடித்தான்.

“நீ எறங்கு.”

அண்ணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எதற்கு என்றாள். இறங்கென்றால் இறங்கு, பஸ்ஸில் போய்க்கொள் என்றான். உயிர் போகிற வலி, டாக்டர் போய்விடுவார் என்றாள். அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அண்ணி கையை உதறிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். இருபது வருடமாகப் பார்த்து வரும் முகம். அவன் எதற்குப் பயப்படுவான், எதற்குப் பயப்படமாட்டான் என்று அவளுக்குத் தெரியாதா?

“நான் எறங்கணும். சரி. இவ போலாமா?” என்றாள்.

அவன் தங்கை பக்கம் திரும்பவே இல்லை. கதவைப் பிடித்த கை மட்டும் அப்படியே இருந்தது.

தங்கை கைப்பிரேக்கை இழுத்தாள். இன்ஜினை நிறுத்தினாள். இறங்கிப்போய்ச் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, அப்படியே தரையில் படுத்து முன்சக்கரத்தின் உள்பக்கத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து நூறு தடவை பார்த்த இடம்தான். அப்போதெல்லாம் அண்ணன் கை எங்கே போகிறது என்றுதான் பார்த்தாளே தவிர, நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. அவளே திறந்தபோதும் பார்க்கவில்லை. அது காலிப்பரின் அடியில் இருந்தது. காற்று மேலேதான் போய் நிற்கும் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அடியில் இருக்கிற ஓட்டையைத் திறந்து நாள் முழுக்க ஆயிலை விட்டால் ஆயில்தான் வரும், காற்று மேலே சுகமாக உட்கார்ந்திருக்கும். காலிப்பர் பக்கம் மாறியிருந்தது.

எப்படி மாறியது என்றும் படுத்தபடியே அவளுக்கு விளங்கிவிட்டது. காயலான் கடையில் அந்த ஆக்சில் கவிழ்ந்து கிடந்தது. அவள் அதன் பின்னால் போய், வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு இடது வலது எழுதினாள். கவிழ்ந்து கிடப்பதற்கு எல்லாமே தலைகீழ் என்பது அந்த அவசரத்தில் உறைக்கவில்லை. தப்பு அவளுடையது. முழுக்க முழுக்க அவளுடையது. அது தெரிந்ததும் கோபம் தணிந்ததா என்றால், இல்லை, இரண்டு பங்காக ஏறியது.

எழுந்து வந்து நின்றாள்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“நீ பேப்பரப் பிரிச்சப்பவே.”

“சொல்லலியே.”

“கேட்டேன். நீதான் வாயத் தெறக்காதன்ன.”

“அது நேத்து. இப்ப வண்டிய எடுத்துக்கிட்டு எறங்கறேன். பாத்துக்கிட்டுத்தான நின்ன?”

“மிதி சரியில்லன்னு நீயே திரும்பி வந்துருவன்னு நெனச்சேன்.”

“எந்த வளைவுலேர்ந்து?” என்றாள்.

அவன் போய் வாசலில் கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தான். காலிப்பரை மாற்றிப் போடட்டுமா என்று அங்கிருந்தே கேட்டான். என் வண்டியில் இனிமேல் உன் விரல் படக் கூடாது என்றாள் அவள்.

அண்ணி இதுவரைக்கும் இருக்கையை விட்டு இறங்கவில்லை. கன்னத்துத் துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, நகர்ந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். “எதை மிதிக்கணும், சொல்லு” என்றாள்.

உங்கள் பல் என்னாவது என்று தங்கை கேட்டாள்.

“உன் மேல பாசம் பொங்கி வழியுதுன்னு நெனச்சுக்காத. இந்த மனுஷன்கூட நான் ராத்திரி ஒரே வீட்டுல படுக்கணும். அதுக்குத்தான்” என்றாள் அண்ணி.

தங்கை இரண்டு காலிப்பரையும் கழற்றி, பக்கம் மாற்றி மாட்டினாள். நிப்பிள்கள் இப்போது மேலே பார்த்து நின்றன. அண்ணி மிதித்தாள், இவள் திறந்தாள். முதல் திறப்பிலேயே காற்று சீறிக்கொண்டு வந்தது. அண்ணிக்கு எப்போது அழுத்துவது, எப்போது விடுவது என்று பிடிபட அரை மணி நேரம் ஆயிற்று, அதற்குள் ஒருத்தரை ஒருத்தர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டார்கள். ஆறு மணிக்கு மிதி கல் மாதிரி ஏறி நின்றது. டயர் மேல் உட்கார்ந்திருந்தவன் அதுவரைக்கும் எழுந்திருக்கவில்லை. டாக்டர் போயே போய்விட்டார். அண்ணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, புருஷனைத் தாண்டி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவன் மலைக்கு வராமல் இருந்திருக்கலாம். வந்தான். பேச்சென்றால் பேச்சுத்தான் என்று நினைத்தானோ, காலிப்பரைத் தவிர வேறு எதிலாவது தங்கை கோட்டை விட்டிருப்பாள் என்று நினைத்தானோ, யார் கண்டது. மணல் லாரியில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினான். லாரி திரும்பிப் போய்விட்டது. கீழே இறங்கும்போது ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு போகலாம் என்கிற எண்ணத்தில் வந்தவன் வேறு எப்படி வருவான்?

இருபது மணல் மூட்டை ஏற்றினார்கள். சரிவின் நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. மேலேயிருந்து வண்டியை விட்டாள். பாரத்தோடு அது வேகம் பிடித்தபோது, வேலைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உயிரும் இதில்தானே இருக்கிறது. கோடு நெருங்கியதும் ஒரே ஒரு மிதி மிதித்தாள். முன்பக்கம் தணிந்து, ஆக்சில் இம்மிகூட அசையாமல், வண்டி கோட்டைத் தொட ஒரு சாண் இருக்கும்போதே நின்றது. இன்னொரு தரம் செய்யச் சொன்னார் மஞ்சள் தொப்பி. இன்னொரு தரமும் நின்றது.

அவர் காகிதத்தை எடுத்து நிரப்பினார். வேலை செய்த மெக்கானிக் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. அண்ணன் பக்கத்தில்தான், கை எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“ஆக்சில் மாத்தினது எங்க அண்ணன். இந்த வேலைய அவர மாதிரி செய்ய ஆள் கெடையாது” என்றாள். “பிரேக் நானும் எங்க அண்ணியும்.”

பிரேக்கை மட்டும் ஏன் அவரைச் செய்ய விடவில்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார்.

“அவர் மாட்டின பிரேக்குல நான் செத்திருப்பேன் சார்.”

அண்ணன் தங்கைக் கிண்டல் என்று நினைத்து அதிகாரி சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் காகிதத்தைக் கொடுத்தார்.

மூட்டைகளை இறக்கிய பிறகு அவள் ஜீப்பைத் திருப்பினாள். அண்ணன் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தான். கீழே ஊர் எட்டு கிலோமீட்டர். அவன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

“ஏறு. பயப்படாத, பிடிக்கும்.”

அவன் இருக்கையைப் பார்த்தான். சாலையைப் பார்த்தான். “உன்னக் கொல்லணும்னு நான் நெனக்கல” என்றான்.

“தெரியும்” என்றாள். “போனாப் போகட்டும்னு நெனச்ச. அது வேற.”

அவன் ஏறவில்லை. அவளுக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. அப்பாவுக்கு அழுதபோதுகூட இப்படி வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அவன் ஓரமாக விலகி வழி விட்டான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கியரைப் போட்டு, தனியாகக் கீழே இறங்கிப் போனாள்.